கலர் வந்த விசயதசமி

கலர் வருவதற்கு முன்னமே விளம்பரப் பலகை வந்துவிட்டது. கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு மதில் வீடு. அதன் முன்னறைகளில் ரியூட்டரி, அதாவது பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு, நடந்தது. வாசல் படலைக்கு மேலே சிவப்பும் நீலமுமாக, "கலர்க் கொம்பியூட்டர் வகுப்பு, விசயதசமியில் ஆரம்பம்" என்று ரியூட்டரிக்காரர் எழுதுவித்து மாட்டியிருந்தார். உள்ளே இருந்ததோ கறுப்புத் திரையில் பச்சை எழுத்துக் காட்டுகிற ஒரேயொரு கொம்பியூட்டர். கலர் எங்கே சேர் என்று கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, நீ உன்ரை வேலையைப் பார் பிள்ளை என்றார். மனுசனுக்கு எப்போதும் பந்திக்கு முன்னமே இலை போட்டுவிட வேண்டும்.

அந்தக் கொம்பியூட்டருக்கு நான்தான் ரீச்சர். கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்துகொண்டு படித்த படிப்பு. எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த சீலையோடு கப்பலேறி ஊருக்கு வந்தபோது என்னிடம் மிஞ்சியது அது மட்டும்தான். பிறகு கலியாணம் செய்துவைத்தார்கள். பாண் வாங்கச் சைக்கிளில் போன மனுசன் செல் குண்டு விழுந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு நான் சண்டிலிப்பாயில் தமையன் வீட்டில் இருந்தேன். தமையன் வீடு என்று சொல்வது மரியாதைக்கு. அது மச்சாளின் வீடு. மச்சாள் என்றால் தமையனின் பெண்சாதி.

எங்கள் பக்கத்தில் முழிவியளம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு காரியமாக வெளிக்கிடும்போது முதலில் எந்த முகத்தில் முழிக்கிறோமோ, அந்த முகத்தின்படிதான் காரியம் நடக்குமாம். தாலி அறுத்தவளின் முகம் என்றால் போன காரியம் நாசம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. என் முகம் நாசம் பண்ணுகிற முகமாகிவிட்டது. காலையில் தமையன் தோட்டத்துக்கோ சந்தைக்கோ வெளிக்கிட்டு, சைக்கிள் படலையைத் தாண்டும்வரை நான் பின்குசினியை விட்டு வெளியே வரக்கூடாது. அப்படி ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அடுப்பைப் பார் என்று மச்சாள் சொல்லுவாள், அவ்வளவுதான். ஒருநாள் கிணற்றடியிலிருந்து நான் வாளியோடு வந்தபோது தமையன் என்னைக் கண்டுவிட்டார். ஏசவில்லை. சைக்கிளைத் திரும்ப உள்ளே உருட்டிக்கொண்டு வந்து, விறாந்தையில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பிறகு போனார். கெட்ட முழிவியளம் கழிய வேண்டுமென்றால் எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். என்னைத் தூக்கி வளர்த்த தமையன் அவர். ஏசியிருந்தால் நான் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

ஆகவே ரியூட்டரி வேலை எனக்குச் சின்ன விசயம் இல்லை. அது போனால் எனக்கு மிச்சம் அந்தப் பின்குசினிதான். ரியூட்டரிக்காரர் என்மேல் இரக்கப்பட்டு எடுத்தார் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கொம்பியூட்டர் தெரிந்த வேறு ஆள் அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது போதும். கொம்பியூட்டர் முகம் பார்க்காது. சுவிச்சைப் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு 'கீ' என்று ஒரு சின்னச் சத்தம் போடும். எல்லாம் சரி என்று அதற்கு அர்த்தம். காலையில் அதைக் கேட்டால் யாரோ 'வா பிள்ளை' என்று சொன்ன மாதிரி இருக்கும் எனக்கு. என்னை ரீச்சர் என்று கூப்பிட்ட இடமும் அது ஒன்றுதான்.

புரட்டாதி முடியுமுன் பெட்டிகள் வந்து சேர்ந்தன. ரியூட்டரிக்காரரின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். வழிநெடுக இந்தியன் ஆமி பிரித்துப் பிரித்துப் பார்த்து, வெளிப்பெட்டி கிழிந்து தொங்கியது. பெரிய பெட்டிக்குள் கலர் மொனிட்டர். சின்னப் பெட்டிக்குள் வெள்ளிநிறப் பைக்குள் ஒரு காட், சாண் நீளச் சின்னப் பலகை மாதிரி. கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் அந்தக் காட்டைச் செருகினால்தான் திரையில் நிறம் வரும். வீட்டார் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ரியூட்டரிக்காரரின் மனைவியை நான் அக்கா என்பேன். வாய் இனிப்பு. சாப்பிட்டியா பிள்ளை என்று கேட்காத நாள் இல்லை. நல்ல நாள் பெருநாளில் மட்டும், முன் படலையால் வராமல் பக்கத்து ஒழுங்கையால் வா பிள்ளை என்று அதே இனிப்போடு சொல்லுவா. அன்றைக்கு அவ அந்தக் காட்டை உற்றுப் பார்த்துவிட்டு, இவ்வளவு பூச்சி மாதிரிச் சாமான் ஒட்டியிருக்கே, இதிலே எது முக்கியம் என்று கேட்டா. காட்டின் அடி ஓரத்தில் பவுண் நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருந்தன. நான் அதைக் காட்டினேன்.

"இதுதான் அக்கா உயிர்நிலை. இந்தப் பல்லுகளாலைதான் காட் உள்ளுக்குக் கதைக்கும். உதிலை மட்டும் கை படக்கூடாது."

அக்கா பயபக்தியோடு தலையாட்டினா. விளக்கமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கும் ஒரு பெருமை. அந்தப் பெருமையைக் கொண்டுபோய் எரிக்க வேண்டும்.

சரஸ்வதி பூசையன்று புத்தகம், பேனை, தச்சனென்றால் உளி, தையற்காரியென்றால் கத்தரிக்கோல் எல்லாம் சாமியறையில் கும்பத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். அடுத்த நாள் விசயதசமி. பூசையில் வைத்ததை அன்றைக்கு எடுத்துத் தொட்டுத் தொடங்கினால் வித்தை வளரும். ரியூட்டரிக்காரர் வீட்டில் காட்டையும் மொனிட்டரையும் கும்பத்தடியில் வைத்தார்கள். நான் அந்தப் பூசைக்குப் போகவில்லை. கூப்பிட்டால்தானே போவதற்கு.

விசயதசமி காலையில் ஒழுங்கையால் போய்ப் பின்பக்கம் சைக்கிளைச் சாத்தினேன். முன்னறை நிரம்பிப் புதுப் பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும் நின்றார்கள். பிள்ளைகளின் கையில் புதுக் கொப்பி, புதுப் பென்சில், புது அழிறப்பர். அக்கா சாமியறையிலிருந்து காட்டைத் தட்டத்தில் வைத்துப் பூவோடு ஏந்தி வந்தா. அந்த நேரம் பார்த்து நான் பின்கதவில் நின்றேன். அவவின் கண் என் முகத்தில் பட்டது. ஒரு நொடி தட்டம் நின்றது. பிறகு மறுபக்கம் திரும்பிப் போய்விட்டா.

காட்டைச் செருகும் வேலை எனக்குத் தரப்படவில்லை. அது அம்மாளின் காலடியில் இருந்த சாமான், தம்பியின் கையாலே நடக்கட்டும், நீ தள்ளி நின்று வாயாலே சொல்லு பிள்ளை என்றா அக்கா. தம்பி என்பவன் ரியூட்டரிக்காரரின் தமக்கையின் மகன், என்னிடம் கொம்பியூட்டர் படித்தவன். மொக்கன் இல்லை. ஆனால் மாமாவும் மாமியும் இருமினாலே எழும்பி நிற்கிறவன். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அவன் பழைய காட்டைக் கழற்றிப் புதியதைச் செருகினான். மொனிட்டரைப் பொருத்தினான். ரியூட்டரிக்காரர் கற்பூரம் காட்டி, நல்ல நேரத்துக்குச் சுவிச்சைப் போட்டார்.

திரை இருட்டு. உள்ளே இருந்து ஒரு நீட்டுச் சத்தம். அதன் பின்னால் இரண்டு குட்டைச் சத்தம்.

சனம் கைதட்டியது. அதுதான் கலர் வருகிற சத்தம் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு விசயம் விளங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு, படம் காட்டுகிற காட்டைக் கொம்பியூட்டரால் காணமுடியவில்லை என்று அர்த்தம். அணைக்கச் சொன்னேன். தம்பிக்கு ஞாபகப்படுத்தினேன்: உள்ளே பெரிய பலகையில் சின்னஞ்சிறு சுவிச்சுகள் இருக்கின்றன, பச்சைக் காட் என்றால் ஒரு பக்கம், கலர்க் காட் என்றால் மற்றப் பக்கம் தள்ளிவிட வேண்டும். அவன் அதை மறந்துபோயிருந்தான். பேனை நுனியால் தள்ளினான். திரும்பப் போட்டோம். அதே நீட்டு, அதே இரண்டு குட்டை. மொனிட்டரின் வயரைக் கழற்றிப் பூட்டச் சொன்னேன். வெளிச்சத்தைக் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பச் சொன்னேன். கறண்ட் குறைவோ என்றும் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அதே இருட்டு.

பின்வரிசையில் நின்ற ஒரு தகப்பன், கறுப்பும் ஒரு கலர்தானே சேர் என்றார். அறை முழுக்கச் சிரித்தது. ரியூட்டரிக்காரரின் காது சிவந்துபோனது. அவர் அந்த மனுசனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் அடி விழுவது எப்போதும் கிட்ட நிற்கிறவருக்குத்தான்.

கடைசியாக, பழைய காட்டையும் பழைய மொனிட்டரையும் பூட்டி, சுவிச்சைப் பச்சைப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னேன். 'கீ' என்று ஒரு சத்தம். பச்சை எழுத்து வந்தது. அப்படியென்றால் கொம்பியூட்டர் சரி, பிழை புதுக் காட்டில்தான். அதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லவும் இல்லை. பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னா.

"சாமியறையாலை எடுத்துக்கொண்டு வரேக்கை நேரை அவவின்ரை முகத்திலைதான் முழிச்சனான். அப்பவே நினைச்சன். பாவம், அவ என்ன செய்வா."

பாவம் என்கிற அந்தச் சொல் இருக்கிறதே, அதை எங்கள் பெண்கள் கத்தி பிடிக்கிற மாதிரிப் பிடிப்பார்கள். தாய்மார் எல்லாரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் மகளைக் கையில் பிடித்து மற்றப் பக்கம் விட்டாள். அந்தப் பிள்ளையின் பெயரை என் வகுப்பு இடாப்பில் நான்தான் முன்னமே எழுதியிருந்தேன்.

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காட்டைப் பார்த்தேன். தம்பி அதை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கியபடி நின்றான். அப்போதுதான் கண்டேன். பவுண் நிறப் பற்களுக்கு மேலே, ஒன்றுவிடாமல், இரண்டு பக்கமும் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. சந்தனமும் குங்குமமும். உயிர்நிலை எது என்று கேட்டாவே, அங்கேதான் பொட்டு வைத்திருக்கிறா. கை படக்கூடாது என்று நான் சொன்னதைக்கூட மீறவில்லை, பூவின் காம்பால் தொட்டு வைத்திருப்பா போல. அவ்வளவு பக்தி.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். பயம் விட்டுப்போன சிரிப்பு அது. என்ன பிழை என்று தெரிந்துவிட்டால் பிறகு என்ன, என் வேலை தப்பிவிட்டது என்று நினைத்தேன். சந்தனம் காய்ந்து பற்களை மூடியிருக்கிறது அக்கா, துடைத்துவிட்டால் வந்துவிடும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அக்காவின் முகம் வெளிறியது. ரியூட்டரிக்காரர் என் முன்னால் வந்து நின்றார்.

"அம்மாளுக்கு வைச்ச சந்தனத்தாலையோ பழுதாப் போனது? உன்ரை வாய்க்குப் புழுத்தான் விழும். வெளியாலை போ."

போனேன். வேறென்ன செய்ய? பக்கத்து விறாந்தையில் சன்னலோரம் நின்றேன். உள்ளே ரியூட்டரிக்காரர் தாய் தகப்பன்மாருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கொம்பியூட்டர் மேசை சன்னலுக்குக் கிட்ட இருந்தது. தம்பி அங்கே தனியாகக் காட்டை வைத்துக்கொண்டு முழித்தான். நான் கம்பிக்குள்ளால் குரலைத் தணித்துச் சொன்னேன்.

"தம்பி, அழிறப்பராலை அந்தப் பல்லுகளை உரசு. ரெண்டு பக்கமும். பிறகு சுவிச்சைக் கலர்ப் பக்கம் தள்ளிப்போட்டுச் செருகு."

அவன் என்னைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பிள்ளையின் கையிலிருந்து புது அழிறப்பரை வாங்கி, சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உரசினான். மஞ்சள் துகள் மேசையில் கொட்டியது. ஊதித் தள்ளினான். உள்ளே சின்னச் சுவிச்சைப் பேனை நுனியால் தட்டினான். செருகினான். மொனிட்டரை மாற்றினான். சுவிச்சைப் போட்டான்.

கொம்பியூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு 'கீ' என்று ஒரு சின்னச் சத்தம்.

உள்ளே இருந்தவர்கள் எல்லாரையும் விட முதலில் எனக்குத்தான் தெரிந்தது. பிறகுதான் அவர்கள் திரையைக் கண்டு ஆர்ப்பரித்தார்கள். பிள்ளைகள் நீலம், நீலம் என்று கத்தினார்கள். பிறகு சிவப்பு என்றார்கள். சன்னலுக்கு மொனிட்டரின் பின்பக்கம்தான் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது பார்க்கிற முகங்கள் மட்டும்.

என்னைக் கூப்பிடுவார்கள் என்று நின்றேன். வெட்கக்கேடு, நின்றேன். அக்காதான் வெளியே வந்தா. கையில் கற்பூரத் தட்டம். முகத்தில் பழைய இனிப்பு முழுக்கத் திரும்பி வந்திருந்தது.

"பாத்தியே பிள்ளை, நீ வெளியாலை வந்த உடனை வந்திட்டுது. நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை, நீயே பாத்தனீதானே. கோவிக்காதை. இனித் தம்பியே படிப்பிக்கட்டும்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. தம்பியைக் கூப்பிட்டுக் கேளுங்கோ, எதை உரசி எடுத்தவன் என்று கேளுங்கோ என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல்தரம். அக்கா அவனைக் கூப்பிட்டா. அவன் வாசலில் வந்து நின்றான். விரல் நுனியெல்லாம் மஞ்சள். சேட்டில் அழிறப்பர்த் துகள். என்ன தம்பி செய்தனீ என்று அக்கா கேட்டா.

"ஒண்டும் செய்யேல்லை மாமி. கழட்டித் திருப்பிப் போட்டன், வந்திட்டுது."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். அக்கா அவனுடைய விரலைக் கண்டாவா, காணாத மாதிரி இருந்தாவா, எனக்குத் தெரியாது. கண்டிருந்தாலும் சாமிக்கு வைத்த சந்தனம் கையில் ஒட்டுவதில் என்ன அதிசயம். சாப்பிட்டுவிட்டுப் போ பிள்ளை, வடை பாயாசம் இருக்கு என்றா. நான் ஒழுங்கையால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மானிப்பாய்வரை அழுதுகொண்டே உழக்கினேன். சென்றியில் நின்ற ஆமிக்காரன்கூட மறிக்காமல் கையைக் காட்டி விட்டான்.

அதற்குப் பிறகு பின்குசினி. தோட்டத்து ஆட்களுக்குச் சமைக்க ஒரு கை கூடக் கிடைத்தது மச்சாளுக்கு. கொக்குவில் ரியூட்டரியில் கலர் வகுப்பு நிரம்பி வழிகிறதாம், அந்தப் பெடியன் விண்ணனாம் என்று ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் கதைத்தார்கள். நான் கலர் வந்ததைச் சத்தமாகத்தான் கேட்டேன், கண்ணால் காணவில்லை என்று யாரிடம் சொல்ல. சொன்னாலும், பாவம் என்பார்கள்.

தைப்பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், ஒரு காலையில், தமையன் இன்னும் வெளிக்கிடவில்லை, படலையில் சைக்கிள் மணி கேட்டது. ரீச்சர் நிற்கிறாவோ என்று ஒரு குரல். அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம். அடுப்படியை விட்டு நேரே படலைக்குப் போனேன். தமையன் கண்டால் காணட்டும் என்று போனேன்.

தம்பிதான். மெலிந்துபோயிருந்தான். பொங்கலுக்கு மாமி திரும்பவும் சந்தனம் வைத்துவிட்டாவாம். திரை இருட்டாம். நீட்டுச் சத்தம் ஒன்று, குட்டை இரண்டு. அழிறப்பரால் உரசியும் வரவில்லையாம். நெல்லியடியிலிருந்து ஆட்கள் வகுப்புப் பார்க்க வருகிறார்களாம், இன்றைக்குள் வராவிட்டால் மாமா தன்னை உயிரோடு விடமாட்டாராம். நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான். விசயதசமியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இடையில் பழைய காட்டைப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். ஓம் ரீச்சர், அது வேலை செய்தது என்றான். எனக்கு அவ்வளவும் போதும். உள்ளே இருக்கிற சின்னச் சுவிச்சைப் பச்சைப் பக்கம் தள்ளியவன், திரும்பக் கலர்ப் பக்கம் தள்ள மறந்துவிட்டான். விசயதசமியன்றும் அதைத்தான் மறந்தவன். பேனை நுனியால் ஒரு தட்டு. ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது.

"தம்பி, காலமை வெளிக்கிட்டு வந்து இப்ப ஆரின்ரை முகத்திலை முழிச்சிருக்கிறாய்?"

அவன் தலை நிமிர்ந்தான்.

"என்ரை முகத்திலை. இனி நீ என்ன செய்தாலும் இண்டைக்கு வராது. போ."

அந்தச் சந்தனத்தைத் தன் கையால் உரசி எடுத்தவன் அவன். என் முகத்தில் ஒன்றும் இல்லை என்று இந்த உலகத்தில் என்னைத் தவிர நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் சிரிப்பான், அல்லது கெஞ்சுவான், அல்லது மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கெஞ்சியிருந்தால் சொல்லியும் இருப்பேன். அவனுடைய முகம் செத்துப்போனது. சைக்கிளைத் திருப்பினான். கொஞ்சத் தூரம் உருட்டிப்போய், தோட்டத்து மதகில் அதைச் சாத்தினான். பிறகு மதகுக் கட்டில் ஏறிக் குந்தி, என் பக்கம் திரும்பாமல், கெட்ட முழிவியளம் கழியட்டும் என்று கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனான்.